ரோடு ஏற ஏற வீடு பள்ளமாகிறது: ஜாக்கி வைத்துத் தூக்கலாமா, தெருவாகச் சேர்ந்து வேறு ஏதாவது செய்யலாமா?

#1 மேற்குவாசல்

வணக்கம். வீடு தூக்குவதைப் பற்றி இங்கே அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பேசியிருக்கிறீர்கள், முழுசாக ஒரு இழை இல்லை, அதனால் தொடங்குகிறேன்.

எங்கள் வீடு தென்சென்னையில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு மேற்கே. அப்பா தொண்ணூறுகளில் மனை வாங்கிக் கட்டியது. அப்போது தெரு மண் ரோடு, மூன்று படி ஏறித்தான் திண்ணைக்கு வர வேண்டும். அந்த மூன்று படியும் இப்போது தாருக்கு அடியில் இருக்கிறது. கேட்டைத் திறந்தால் ஒரு அடி கீழே இறங்க வேண்டும். தெருத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்க கேட்டுக்கு நேராக ஒரு சிமென்ட் திட்டு கட்டியிருக்கிறோம், பைக்கை அதன் மேல் ஏற்றி இறக்க ஒரு பலகை. அம்மாவுக்கு முழங்கால் வலி, அந்தத் திட்டைத் தாண்டுவதற்குப் பயந்தே கோயிலுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார். மழைக்காலத்தில் இதைவிடப் பெரிய தலைவலி சம்ப், அதாவது தரைக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி. மூடி ரோட்டு மட்டத்துக்குக் கீழே இருப்பதால் தெருவில் நிற்கும் தண்ணீர், சாக்கடையோடு சேர்ந்து, நேராகச் சம்ப்புக்குள் போகிறது. 2015ல் போனது, மிக்ஜாம் புயலில் போனது, நடுவில் பெயர் வைக்காத மழைகளிலும் போனது.

இடது பக்கத்து வீட்டுக்காரர் போன வருடம் வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டார். வலது பக்கம் பில்டரிடம் போய்விட்டது, லாரி லாரியாக மண் கொட்டி மனையை ரோட்டுக்கு மேலே ஏற்றி, அதற்கும் மேலே கார் நிறுத்துவதற்குத் தூண் எழுப்பி, அடுக்குமாடி வந்துவிட்டது. ஆக இந்தப் பக்கம் பள்ளத்தில் இருப்பது நாங்கள் மட்டும். எதிர்ப்பக்கம் இரண்டு வீடு: ஒன்றில் ஓய்வுபெற்ற டீச்சரம்மா தனியாக இருக்கிறார், இன்னொன்று லைன் வீடு, நாலு குடும்பம் வாடகைக்கு.

தூக்குகிறவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கடன் வாங்கினால் முடியும். ஆனால் ஒன்று என்னை உறுத்துகிறது. இப்போது எங்கள் வாசலில் வந்து நிற்கும் தண்ணீர் நாங்கள் ஏறிய பிறகு எங்கே போகும்? எதிர்ப்பக்கம்தான் போகும், டீச்சரம்மா வீட்டுக்குத்தான் போகும். பக்கத்து வீட்டுக்காரர் தூக்கியபோது எங்களுக்கு நடந்ததும் அதுதான். அவர்மேல் கோபம் இல்லை, அவர் வேறு என்ன செய்வார்? தூக்கியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். தூக்காமல் தெருவாகச் சேர்ந்து ஏதாவது செய்தவர்கள் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

#2 வாசு_வடக்கு

நாங்கள் தூக்கினோம், தரைத்தளம் மட்டும் உள்ள பழைய செங்கல் வீடு. என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

முதலில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். பிறகு உள்ளே தரை முழுவதும் உடைத்து எடுப்பார்கள், டைல்ஸ், மொசைக் எதுவும் மிஞ்சாது. சுவர் ஓரமாகப் பள்ளம் தோண்டி, சுவருக்கு அடியில் கொஞ்சம் கொஞ்சமாகச் செங்கலைத் தட்டி எடுத்து அந்த இடைவெளியில் இரும்புச் சேனல் கொடுத்து, அதற்குக் கீழே ஜாக்கி வைப்பார்கள். லாரிக்கு டயர் மாற்ற வைக்கும் அதே மாதிரித் திருகு ஜாக்கிதான், வீடு முழுக்க வரிசையாக நிற்கும். மேஸ்திரி குரல் கொடுப்பார், எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே அளவு திருகுவார்கள். கண்ணுக்குத் தெரியாது, சத்தம்கூடப் பெரிதாக இருக்காது. சாயங்காலம் சுவரில் போட்ட கோட்டைப் பார்த்தால்தான் ஏறியிருப்பது தெரியும். வேண்டிய உயரம் வந்ததும் கீழே செங்கல் கட்டிக்கொண்டே ஜாக்கியை ஒவ்வொன்றாக உருவி எடுப்பார்கள். எங்களுக்கு வந்தவர்கள் ஹரியானாப் பக்கத்து ஆட்கள், இந்த வேலையில் அவர்களுக்குப் பழக்கம் அதிகம்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத செலவு இருக்கிறது. அவர்கள் சதுர அடிக்கு இவ்வளவு என்று சொல்வது தூக்கும் கூலி மட்டும். உள்ளே மண் நிரப்புவது, புதுத் தரை, கக்கூஸ் குழாய், சாக்கடை இணைப்பு, கரண்ட் மீட்டரை மாற்றி வைப்பது, படி, காம்பவுண்டு சுவர், சம்ப், எல்லாம் நம் தலையில். செப்டிக் டேங்க் இருந்தால் அது தூங்கிக்கொண்டே இருக்கும், வீடு மட்டும்தான் ஏறும். தூக்கும் கூலியைப் போல இன்னொரு மடங்கு கையில் வைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்க வேண்டும். சுவரில் மெல்லிய விரிசல் வந்தது, பூசிவிட்டோம், இதுவரை பயம் இல்லை.

இப்போது நிம்மதியாக இருக்கிறோம், அதை மறைக்க மாட்டேன். மழை என்றால் பீரோவின் கீழ்த்தட்டைக் காலி செய்யும் வேலை நின்றது. ஆனால் நாங்கள் தூக்கிய பிறகு இரண்டு தடவை ரோடு போட்டுவிட்டார்கள். மூன்று அடி உயர்த்தியதில் அரை அடிக்குக் கிட்டப் போயேவிட்டது.

#3 செல்வம்_சிவில்

நான் சாலை வேலைகளில் இருந்தவன், ஏன் இப்படி ஆகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

தெரு ரோட்டில் மறுபடி தார் போடும்போது மேல் அடுக்கு ஏறக்குறைய 30, 40 மில்லிமீட்டர். பஸ் போகும் சாலை என்றால் அதற்குக் கீழே இன்னொரு அடுக்கும் சேர்த்துப் போடுவார்கள். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே கனத்துக்குப் போட்டால் மட்டம் மாறாது, அதைத்தான் மில்லிங் என்கிறோம். சுரண்டாமல் மேலேயே போட்டால் ஒவ்வொரு தடவையும் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் ஏறும். நடுவில் பாதாளச் சாக்கடை வேலை, மெட்ரோ வாட்டர் குழாய், கேபிள் என்று தோண்டி மூடிய இடங்களை மேடாக்கி ஒட்டுப்போட்டு, பிறகு அந்த மேட்டுக்குச் சமமாக முழுத் தெருவையும் ஏற்றுவதும் உண்டு. முப்பது வருடத்தில் மூன்று படி காணாமல் போவது இப்படித்தான்.

இதற்கு உத்தரவு இல்லாமல் இல்லை. 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும், வீடுகள் பள்ளமாகக் கூடாது என்று துறைகளுக்கு எழுதினார். பல பெரிய சாலைகளில் இப்போது மில்லிங் நடப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள், ராத்திரி பத்து மணிக்கு மேல் அந்த மெஷின் வரும். உள்தெருக்களில்தான் சிக்கல். தெரு குறுகல், இருபுறமும் கார் நிற்கிறது, பெரிய மெஷின் திரும்பாது. சின்ன மெஷின் இருக்கிறது, வாடகை கொடுத்துக் கொண்டுவர ஒப்பந்ததாரர் மனசு வைக்க வேண்டும். சுரண்டிய பொருளை அள்ளிப் போக லாரி வேண்டும், கொட்ட இடம் வேண்டும். இதெல்லாம் இல்லாமல் ராத்திரியோடு ராத்திரியாகப் போட்டுவிட்டுப் போவது சுலபம்.

சிமென்ட் ரோடு என்றால் இன்னும் கஷ்டம். அதைத் தார் மாதிரி சுலபமாகச் சுரண்ட முடியாது, பெரும்பாலும் உடைத்துத்தான் எடுக்க வேண்டும், அதனால் அதன் மேலேயே இன்னொரு அடுக்கு. உங்கள் தெருவுக்குச் சிமென்ட் ரோடு வருகிறது என்று யாராவது சந்தோஷமாகச் சொன்னால், மட்டம் எவ்வளவு என்று முதலில் கேளுங்கள்.

#4 ஓஎம்ஆர்_ராம்

மேற்குவாசல் சார், நேரடியாகச் சொல்கிறேன், தூக்குங்கள். தெருவாகச் சேர்ந்து செய்வதெல்லாம் பேச்சுக்கு நன்றாக இருக்கும். நான் இருக்கும் குடியிருப்பு மனையே மூன்று அடி மண் கொட்டி ஏற்றியதுதான், அதைப் பார்த்துத்தான் வாங்கினேன். 2024 அக்டோபரில் ரெட் அலர்ட் வந்தபோது வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார் நின்றதே, அதில் என் காரும் ஒன்று. அபராதம் போடுவார்கள் என்று பேச்சு வந்தது, பரவாயில்லை என்றுதான் விட்டேன். 2023ல் என்ஜினுக்குள் தண்ணீர் போனவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

ரோடு ஏறுவதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ரோடு தாழ்வாக இருந்தால் மழையில் ஆம்புலன்ஸ் எப்படிப் போகும்? பால் வண்டி எப்படி வரும்? டிசம்பர் மழையில் போட்தான் வந்தது, நினைவிருக்கிறதா? ரோட்டையும் தாழ்த்தி வீட்டையும் தாழ்த்தி வைத்துவிட்டு என்ன செய்வது? அவரவர் கையில் இருக்கும் ஒரே தீர்வு உயரம்தான். அரசாங்கம் செய்யும் என்று காத்திருந்தவர்கள் 2015லிருந்து காத்திருக்கிறார்கள். எதிர்வீட்டு அம்மாவை நினைத்து வருத்தப்படுவது நல்ல மனசு, ஆனால் உங்கள் அம்மாவும் அதே வயதில்தானே இருக்கிறார்?

#5 கீழ்வீட்டு_கலா

ராம் தம்பி, அவரவர் கையில் என்று சொல்லும்போது யார் கையில் என்பதையும் யோசியுங்கள். நான் தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கிறேன். இந்த ஊரில் என் சம்பளத்துக்குக் கிடைப்பது தரைத்தளம்தான், தண்ணீர் வரும் வீடு என்பதால்தான் அந்த வாடகைக்குக் கிடைக்கிறது. வீட்டுக்காரர் தூக்குவதாக முடிவு செய்தால் எங்களைக் காலி செய்யச் சொல்வார், முடிந்த பிறகு வேறு வாடகை, வேறு ஆட்கள். எங்கள் தெருவில் அப்படித் தூக்கிய வீட்டுக்குப் பழைய குடித்தனக்காரர் ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை.

மழை நாளில் தரைத்தளத்தில் யார் இருக்கிறோம் தெரியுமா? ஆட்டோ ஓட்டுபவர், உங்களைப் போன்றவர்கள் வீட்டில் சமைக்கும் அக்கா, இஸ்திரி போடுபவர், ஜவுளிக்கடையில் நிற்கும் நான். நாங்கள் தூக்குவதற்கு எங்களிடம் இருப்பது கட்டில்தான், அதன் நாலு காலுக்கும் செங்கல் வைத்து உயர்த்துவோம். ஃபிரிட்ஜை மேசை மேல் ஏற்றுவோம். கேஸ் சிலிண்டர் மிதக்கும் என்று முதல் தடவை பார்க்கும் வரை எனக்குத் தெரியாது. அரிசி மூட்டையை மாடி வீட்டில் கொடுத்துவைப்போம், அவர்கள் நல்லவர்கள், வாங்கி வைப்பார்கள். குழந்தையின் பள்ளிக்கூடப் புத்தகத்தையும் ரேஷன் கார்டையும் ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி லாஃப்டில் போட்டுவிடுவோம், அக்டோபரில் போட்டால் பொங்கலுக்குத்தான் எடுப்போம்.

ரோடு ஏறட்டும், வீடு ஏறட்டும், மனை ஏறட்டும். ஏற முடியாதவர்கள் வீட்டில்தானே கடைசியில் எல்லாத் தண்ணீரும் வந்து சேர்கிறது? மேற்குவாசல் அண்ணா அதைக் கேட்டிருக்கிறார். இதைக் கேட்ட ஒரு வீட்டுக்காரரை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

#6 தாங்கல்

பேச்சு சரியான இடத்துக்கு வந்திருக்கிறது, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னை தட்டையான ஊர். கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்தில்தான் பெரும்பகுதி இருக்கிறது. இப்படிப்பட்ட நிலத்தில் தண்ணீர் தானாக ஓடாது, வாட்டம் இருந்தால்தான் ஓடும், அந்த வாட்டம் அங்குலக் கணக்கில்தான் இருக்கும். நம் முன்னோர் அதற்கு ஏற்றபடி ஏரிக்குப் பின் ஏரியாக வெட்டி, ஒன்று நிறைந்தால் கலங்கல் வழியாக அடுத்ததற்குப் போகும்படி வைத்திருந்தார்கள். தெற்கே அப்படி நிறைந்து வரும் தண்ணீர் எல்லாம் பள்ளிக்கரணைச் சதுப்பில் சேர்ந்து, பரந்து நின்று, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்கும். சதுப்பு ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் இருந்ததாகச் சொல்வார்கள். இன்று மிஞ்சியிருப்பது அதில் ஒரு சிறு பங்கு. குப்பைக் கிடங்கு, ரோடு, ரயில், கல்வி நிறுவனங்கள், ஐடி வளாகங்கள், எல்லாம் உள்ளேதான் இருக்கின்றன. 2022ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்களின் பட்டியலில், சேர்த்தது நல்ல விஷயம், சேர்ப்பதற்கு முன் போனது போனதுதான்.

இதைத் தனியார் மட்டும் செய்ததாக நினைக்க வேண்டாம். மாம்பலம், நுங்கம்பாக்கம் பக்கம் நீண்டு கிடந்த பெரிய ஏரி இருந்த இடத்தில்தான் 1920களில் தி.நகர் எழுந்தது. வள்ளுவர் கோட்டம் நிற்பதும் ஏரி நிலம்தான். அரசாங்கமே ஏரியில் மனை பிரித்து வீடு கட்டிக் கொடுத்த இடங்கள் முகப்பேர், அம்பத்தூர்ப் பக்கம் இருக்கின்றன. அங்கே முறையாகப் பணம் கட்டிப் பட்டா வாங்கிக் குடிபோனவர்களிடம் போய் ஏரியில் ஏன் வீடு கட்டினாய் என்று கேட்பது அநியாயம்.

இப்போது தெரு மட்டத்தைப் பாருங்கள். ஏரி, சதுப்பு என்று பெரிய அளவில் நடந்ததுதான் உங்கள் தெருவிலும் நடக்கிறது. ஒருவர் மனையில் மண் கொட்டினால் அந்த மனை இதுவரை பிடித்து வைத்திருந்த தண்ணீர் பக்கத்து மனைக்குப் போகிறது. ரோடு ஏறினால் இருபுறமும் வீடுகள் வாய்க்கால் ஆகின்றன. மேம்பாலத்தில் கார் விடுவது யாரையும் மூழ்கடிக்காது, ராம், அதில் எனக்குக் குறை இல்லை. மண் கொட்டுவது அப்படி இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2015 நவம்பரில் மட்டும் நகரத்தில் 100 செ.மீ.க்கு மேல் மழை. டிசம்பர் முதல் தேதி ராத்திரி செம்பரம்பாக்கத்திலிருந்து 29,000 கன அடி வரை திறந்தார்கள். நாலே வருடம் கழித்து 2019ல் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. 2003லேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய ஊர் இது. ஆனால் தெருவில் மண் தெரியும் இடம் ஒரு சாண்கூட இல்லாமல் சுவரிலிருந்து சுவர் வரை தாரும் சிமென்டும் போட்டால் நிலத்துக்குள் எதைச் சேகரிப்பது? டிசம்பரில் மோட்டார் வைத்து வெளியே இறைக்கிறோம், மே மாதம் லாரித் தண்ணீருக்கு போன் போடுகிறோம், கடல் நீரைக் குடிநீராக்க மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் ஆலை கட்டியிருக்கிறோம்.

#7 தேவி_பெரும்பாக்கம்

கலா அக்கா எழுதியதைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நாங்கள் ஆற்றங்கரையில் இருந்தவர்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு எங்களைப் பெரும்பாக்கத்துக்கு மாற்றினார்கள். இப்போது இருப்பது மாடியில், வீட்டுக்குள் தண்ணீர் வருவதில்லை, கதவைச் சாத்தித் தூங்கலாம், கக்கூஸ் உள்ளேயே இருக்கிறது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், என் பெண் அங்கேதான் பயமில்லாமல் படித்தாள்.

ஆனால் மழை வந்தால் கட்டிடத்தைச் சுற்றித் தண்ணீர். கீழே இறங்க முடியாது, வேலைக்குப் போக முடியாது. அம்மா முன்பு நடந்தே போய் நாலு வீட்டில் வேலை பார்த்தார், இங்கிருந்து அந்த வீடுகளுக்குப் பஸ் மாறிப் போக வேண்டும். பெண்களுக்குக் கட்டணம் இல்லாத பஸ் 2021ல் வந்ததால்தான் அந்த வேலை இன்னும் கையில் இருக்கிறது, நேரம் போவது போகத்தான் செய்கிறது. செம்மஞ்சேரியில் இருக்கும் எங்கள் சொந்தக்காரர்களுக்குத் தரைத்தளத்திலேயே தண்ணீர். தண்ணீரிலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி ஆற்றங்கரையிலிருந்து எடுத்து, சதுப்புக்குத் தண்ணீர் போகும் வழியில் கொண்டுவந்து வைத்தால் அதற்கு என்ன சொல்வது? ஆற்றங்கரையில் எங்கள் குடிசை இருந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் பெரிய பெரிய கட்டிடங்கள் இன்னும் இருக்கின்றன.

#8 ஓஎம்ஆர்_ராம்

தேவி, கலா அக்கா, இரண்டையும் படித்தேன். நான் சொன்ன உயரம் என்பது பணம் இருப்பவனுக்கு மட்டும் கிடைப்பது என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் கேள்வி அப்படியே இருக்கிறது. மேற்குவாசல் சார் தூக்காமல் விட்டால் டீச்சரம்மா வீட்டுக்கு வரும் தண்ணீர் நின்றுவிடுமா? பாதிப் பாதியாக இரண்டு வீட்டிலும் வரும், அவ்வளவுதான். தூக்கவும் வேண்டாம் என்றால் வேறு வழியைச் சொல்லுங்கள். நியாயம் பேசி சம்ப்பைக் காப்பாற்ற முடியாது.

#9 சிகாகோ_மதுரைக்காரன்

நான் இருக்கும் ஊரின் கதை இதற்கு நேராகப் பொருந்தும். சிகாகோவும் ஏரிக்கரையில் சதுப்பில் கட்டிய தட்டையான ஊர். 1850களில் சாக்கடை போக வாட்டம் இல்லாமல் காலரா, வயிற்றுப்போக்கு என்று மக்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். 1855ல் செஸ்ப்ரோ என்ற பொறியாளர் திட்டம் கொடுத்தார்: சாக்கடைக் குழாயை மண்ணைத் தோண்டிப் புதைக்க வேண்டாம், தெருவின் மேலேயே வாட்டம் பார்த்துப் போட்டு, அதை மூடித் தெருவை உயர்த்துவோம், பிறகு கட்டிடங்களைத் தெருவுக்குச் சமமாகத் தூக்குவோம். அப்படியே செய்தார்கள். 1860ல் லேக் ஸ்ட்ரீட்டில் கடைகள் நிறைந்த ஒரு முழு வரிசையை ஏறக்குறைய 6,000 திருகு ஜாக்கிகள் வைத்துத் தூக்கினார்கள், உள்ளே வியாபாரம் நடந்துகொண்டே இருந்தது. வாசு அண்ணா சொன்ன அதே முறை, ஒரே குரலுக்கு எல்லோரும் ஒரே திருகு.

நம்மிடம் ஜாக்கி இருக்கிறது, வரிசைதான் தலைகீழாக இருக்கிறது. அங்கே முதலில் வடிகால், அந்த வடிகாலுக்கு ஏற்ற தெரு மட்டம் இத்தனை அடி என்று நகரம் முடிவு செய்து அறிவித்தது, கடைசியில்தான் கட்டிடம். தெரு எவ்வளவு உயரும் என்று வீட்டுக்காரருக்கு முன்பே தெரியும். நம் ஊரில் முதலில் ரோடு, பிறகு வீடு, அதற்கப்புறம் மறுபடி ரோடு, வடிகால் எப்போதாவது.

ஆனால் அங்கேயும் எல்லோரும் ஏறிவிடவில்லை. பில்சன் என்ற பகுதியில் பழைய தொழிலாளர் குடியிருப்புகளைப் போய்ப் பார்த்தால் இன்றும் நடைபாதையிலிருந்து கீழே இறங்கிப் போகும் வாசல்கள் இருக்கின்றன.

#10 மேற்குவாசல்

எல்லோருக்கும் நன்றி. தேவி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

நேற்று டீச்சரம்மாவிடமும் லைன் வீட்டு ஆட்களிடமும் பேசினேன். அடுக்குமாடிச் சங்கத் தலைவரிடமும் பேசினேன், அவர் என்னை ஆச்சரியப்படுத்தினார். அவர்களுக்கும் கஷ்டம் இருக்கிறது: மனை உயரம், ஆனால் சாக்கடை தெருவில் நிறைந்து பின்னோக்கித் தரைத்தளக் கழிவறையில் வருகிறது. தனியாக உயர்ந்தவர்களும் தப்பிக்கவில்லை. அதனால் அவரும் கையெழுத்துப் போடத் தயார். ஏற்கெனவே தூக்கிய பக்கத்து வீட்டுக்காரரும் தயார், அடுத்த ரோடு வந்தால் தன் காசு வீண் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

செல்வம் சார், நாங்கள் என்ன கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும்? ரோட்டைத் தாழ்த்து என்று சும்மா மனு கொடுத்தால் நடக்குமா?

#11 செல்வம்_சிவில்

சும்மா கொடுத்தால் நடக்காது, அளவோடு கொடுங்கள்.

முதலில் மட்டம். உங்கள் தெருவில் எந்த வீட்டு வாசல் ரோட்டுக்கு எவ்வளவு கீழே, தெருவின் நடு எவ்வளவு உயரம், தெரு முனையில் இருக்கும் வடிகால் மேன்ஹோல் மூடி எவ்வளவு, அதற்குள் தண்ணீர் ஓடும் அடிமட்டம் எவ்வளவு, இதை எல்லாம் ஒரே தாளில் வரைய வேண்டும். சில சமயம் வடிகாலின் அடிமட்டமே தெருவைவிட உயரமாக இருக்கும், இல்லை போய்ச் சேரும் கால்வாயைவிடத் தாழ்வாக இருக்கும். அப்படி இருந்தால் அந்த வடிகால் வெறும் தொட்டி, அதில் கொசுதான் வளரும். அது தெரியாமல் இன்னொரு வடிகால் கேட்பதில் பயன் இல்லை.

இரண்டாவது, கடைசியாகப் போட்ட ரோட்டின் எஸ்டிமேட்டும் எம்-புக் (செய்த வேலையை அளந்து எழுதும் பதிவேடு) பக்கங்களும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். எஸ்டிமேட்டில் மில்லிங் என்று ஒரு வரி இருக்கிறதா, இருந்தால் எத்தனை சதுர மீட்டர் சுரண்டியதாக எம்-புக்கில் ஏற்றியிருக்கிறார்கள் என்று பாருங்கள். வரியே இல்லை என்றால் அடுத்த எஸ்டிமேட்டில் சேர்க்கச் சொல்லி இப்போதே எழுத்தில் கொடுங்கள். வரி இருந்து வேலை நடக்காமல் இருந்தால் அது வேறு விஷயம், அதற்கு வேறு மனு.

மூன்றாவது, ஏற்கெனவே பல அடுக்கு ஏறியிருப்பதால் ஒரே ஒரு அடுக்கைச் சுரண்டினால் போதாது. இன்னும் ஏறாமல் நிற்கும், அவ்வளவுதான். முழு ஆழத்துக்குத் தோண்டி எடுத்துத் திரும்பப் போடக் கேட்க வேண்டும், அது செலவு கூடிய வேலை. குழாய்கள் மேலே வந்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. ஒரே தடவையில் கிடைக்காது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இனி ஓர் அங்குலம்கூட ஏறக் கூடாது என்பதை உறுதி செய்தாலே தூக்குகிறவர்கள் ஒரு தடவை தூக்கினால் போதும், தூக்க முடியாதவர்களுக்கு மேலும் மோசமாகாது.

#12 தாங்கல்

செல்வம் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். தெரு ஓரத்தில் இரண்டடி மண்ணாவது விட்டுவைக்கச் சொல்லுங்கள், அதில் கசிவுக் குழி போடலாம். உங்கள் பக்கம் களிமண் அதிகம், ஈசிஆர் கடற்கரைப் பக்கத்து மணல் மாதிரி உடனே உறிஞ்சாது, அதனால் குழியை அடிக்கடி தூர் வார வேண்டும். பெரிய மழையைக் குழி காப்பாற்றாது. ஆனால் வருடத்தில் பெய்யும் பெரும்பாலான மழை சின்ன மழைதான், அதில் பாதியாவது நிலத்துக்குள் போனால் மே மாதம் போர்வெல்லில் தெரியும்.

எங்கே கொடுப்பது என்றால், மாநகராட்சிப் புகார் எண் 1913க்குப் பேசிப் புகார் எண் வாங்குங்கள், அதோடு நிற்காமல் வார்டில் பகுதி சபா, அதாவது அந்தப் பகுதி மக்கள் கூட்டம், கூடும்போது தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். 2022ல் தொடங்கிய ஏற்பாடு அது, பெரும்பாலானோருக்கு இருப்பதே தெரியாது, பத்துப் பேர் போய் உட்கார்ந்தாலே பேச்சு கேட்கும். லைன் வீட்டு ஆட்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். சொந்த வீட்டுக்காரர் மட்டும் போனால் அது சொத்துப் பிரச்சினையாகத் தெரியும்.

#13 கீழ்வீட்டு_கலா

சபா சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் இருந்தால்தான் எங்களால் வர முடியும், கடை அப்படி. நேரத்தையும் கேட்டு வாங்குங்கள் அண்ணா, அதுவும் மனுவில் ஒரு வரியாக இருக்கட்டும். அப்புறம், தூக்கும்போது குடித்தனக்காரருக்குத் திரும்பி வர உரிமை உண்டு, பழைய வாடகையில் இத்தனை மாதம் என்று வீட்டுக்காரரும் நாங்களும் எழுதிக்கொள்ள முடியுமா? லைன் வீட்டுக்காரர் ஒத்துக்கொள்வாரா என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் தெருவில் ஒருவர் எழுதிக் கொடுத்தால் நான் அந்தத் தாளைக் காட்டி எங்கள் வீட்டுக்காரரிடம் கேட்பேன்.

#14 ஓஎம்ஆர்_ராம்

அந்த வாடகை ஒப்பந்தத்தை எழுதித் தர எனக்குத் தெரிந்த வழக்கறிஞர் இருக்கிறார், பணம் வாங்கமாட்டார், கேட்டுச் சொல்கிறேன். என் கருத்து முழுக்க மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ரெட் அலர்ட் வந்தால் காரை மேம்பாலத்தில்தான் விடுவேன், இந்த மனு இந்த மழைக்குள் பலன் தரும் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை. அடுத்த மழைக்காவது தரட்டும். ஆனால் எங்கள் குடியிருப்பு மண் கொட்டியபோது பின்பக்கத்துத் தெரு என்ன ஆனது என்று இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூடப் போய்ப் பார்த்ததில்லை. இந்த வாரம் போகிறேன்.

#15 மேற்குவாசல்

கலா, லைன் வீட்டுக்காரரிடம் கேட்டேன், யோசிக்கிறேன் என்றார், முடியாது என்று சொல்லவில்லை. ராம், அந்த ஒப்பந்த வாசகம் கிடைத்தால் இங்கேயே போடுங்கள். தூக்கும் வேலையை இந்த மழைக்காலம் முடியும் வரை தள்ளிவைக்கிறோம், சம்ப் மூடியை மட்டும் கழுத்துக் கட்டி உயர்த்துகிறோம், அது யாருக்கும் தண்ணீரைத் தள்ளாது. டீச்சரம்மா வீட்டுச் சம்ப்புக்கும் அதே மேஸ்திரி, இரண்டுக்கும் சேர்த்துப் பேசிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவை அளக்கிறோம். ஆட்டோ லெவல் கருவி வாடகைக்கு எடுக்க வேண்டுமா, கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூப் போதுமா?

#16 செல்வம்_சிவில்

டியூப் போதும். இருபது மீட்டராவது நீளம் இருக்கட்டும், உள்ளே காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள், ஒரு சொட்டு நீலம் கலந்தால் மட்டம் கண்ணுக்குத் தெரியும். தெரு முனையில் மாறாத இடம் ஒன்றை, பழைய கோயில் படியோ மின்கம்பத்தின் அடிமேடையோ, ஆரம்பப் புள்ளியாக வைத்துப் பெயின்டால் குறி போடுங்கள், அடுத்த தடவை ரோடு போடும்போது அதே குறியிலிருந்து அளந்தால் யாரும் மறுக்க முடியாது. வெயில் ஏறினால் டியூப் நெகிழும், ஏழு மணிக்கே ஆரம்பித்துவிடுங்கள். நானும் வருகிறேன், இடத்தைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.